வானை அளந்த நகரமும் மண்ணில் வாழ்ந்த மக்களும்

அறிவு என்பது யாது? கணக்கிட்டு விடை கூறுதல் அறிவாகுமா, அன்றி அவ்விடையின் காரணத்தை உணர்தலே அறிவாகுமா? கருவிகொண்டு கண்டறிந்த உண்மை கண்டறிந்தவனுக்கு மட்டும் உரியதா, அன்றி அவனுக்குச் சோறிட்டவர்க்கும் சுமை தூக்கியவர்க்கும் உரியதா? விஞ்ஞானம் வளர்ந்தால் சமுதாயம் தானே நேர்மையுறுமா? இவை பெருங்கேள்விகள். கிரேக்கத்துப் பேரறிஞர்களும் ஜெர்மானியத் தத்துவ ஆசிரியர்களும் ஆராய்தற்குரியன என்று நம்மனோர் இவற்றை ஒதுக்கிவிடுவதுண்டு. ஆயின், பிழைப்பு நாடி வந்து நாம் குடியேறிய இத்திருவனந்தபுரத்திலேயே, கிழக்கே அகத்தியர் மலைக்கும் மேற்கே தும்பாக் கடற்கரைக்கும் இடைப்பட்ட சிறு நிலப்பரப்பிலேயே, இக்கேள்விகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துள்ளன. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வரலாற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாக்கியமும் யுக்தியும்

முதலில் புதுச்சேரிக்குச் செல்வோம். 1825ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களின் இடையிரவில் ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. ஜான் வாரன் என்னும் அதிகாரி நம்மவரின் காலக்கணித முறைகளை ஆராய்ந்து 'கால சங்கலிதம்' என்னும் பெருநூலை அதே ஆண்டில் சென்னையில் வெளியிட்டவர். புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் இக்கிரகணத்தைக் கணித்த முறையை அவர் நேரில் கண்டு எழுதிவைத்தார். அக்கணிதர் தாளோ மையோ தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, கூட்டியும் கழித்தும் விடை கண்டார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்குப் பிழைத்தது ஏறத்தாழ நான்கு நிமிடமே. நடு நேரத்திலும் முடிவு நேரத்திலும் பிழை கூடுதலாயினும், சோழிகளைக் கொண்டு செய்த கணக்குக்கு இஃது எளிய வெற்றி அன்று. கணித வரலாற்றறிஞர் நாய்கெபாவர் 1952இல் இதனை மீண்டும் ஆராய்ந்து, 'தமிழ் வானநூல்' என்றே அதற்குப் பெயரிட்டு, பண்டைப் பாபிலோனியரின் எண்முறை இத்தமிழர் கையில் உயிரோடு இருப்பதைக் கண்டு வியந்தார்.

ஆயின் வாரன் வேறொன்றையும் குறித்தார். அக்கணிதருக்கு வானநூலின் கொள்கை ஏதும் தெரியாது. நினைவாற்றல் ஒன்றே அவர் செல்வம். நிலவு ஏன் மறைகின்றது என்று வினவினால் அவரிடம் விடை இல்லை. எனினும் எப்பொழுது மறையும் என்று அவரால் கூற முடிந்தது. ஈண்டுதான் நம் முதற்கேள்வி எழுகின்றது. காரணம் அறியாத கணக்கு அறிவாகுமா? இற்றைக் காலத்தில் கணினியின் விசையைத் தட்டி விடையைப் பெற்று, உள்ளே நிகழ்ந்தது யாதென்று அறியாத நாம் அனைவரும் அப்புதுச்சேரிக் கணிதரின் வழித்தோன்றல்களே அல்லமா?

இதற்கு நேர்மாறான மரபொன்றும் நம் அண்டையிலேயே தழைத்தது. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சங்கமகிராம மாதவனும் அவன் மாணாக்கர் பரம்பரையினரும் கேரள நாட்டில் கணிதத்தை உயர்நிலைக்குக் கொண்டு சென்றனர். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை முடிவிலாத் தொடர் ஒன்றினால் அளக்கும் வழியை, ஐரோப்பாவில் கிரிகரியும் லைப்னிட்ஸும் காண்பதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவர்கள் கண்டனர். பதினாறாம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவன் இயற்றிய 'யுக்திபாஷை' என்னும் நூல் இதனினும் வியத்தகு செயல் ஒன்றைச் செய்தது. விதிகளை மட்டும் கூறி நிறுத்தாமல், அவ்விதிகள் மெய்யாவது எங்ஙனம் என்னும் யுக்தியையும், வடமொழியில் அன்றி மலையாள உரைநடையில் விளக்கிற்று. இன்னபடி செய்க என்பது வாக்கியம். இன்ன காரணத்தால் செய்க என்பது யுக்தி. இரண்டும் நம் மண்ணில் இருந்தன. ஆனால் யுக்தி சில இல்லங்களின் ஓலைகளுக்குள் அடங்கிற்று. வாக்கியமே ஊர்தோறும் பஞ்சாங்கமாய்ப் பரவிற்று. விஷ் என்னும் கம்பெனி அதிகாரி 1834இல் வெளியிட்ட கட்டுரையின் வாயிலாகவே வெளியுலகம் இக்கேரள நூல்களை முதலில் அறிந்தது. அப்பொழுதும் பலர் நம்பினாரல்லர். பகிரப்படாத அறிவு எத்துணை உயர்ந்ததாயினும் ஓலையோடு உறங்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

குன்றின்மேல் ஒரு கூடம்

திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளை இசைப்புலவராக உலகம் அறியும். அவருக்கு வானநூலிலும் பற்று உண்டு. நம் நாட்டுக் கணிதர் கூறும் கிரக நிலைகளையும், ஐரோப்பியக் கருவிகள் காட்டும் நிலைகளையும் ஒப்புநோக்க அவர் விழைந்தார். அக்காலத்தில் ஆலப்புழையில் திருவாங்கூர் அரசின் வாணிக முகவராய் இருந்தவர் ஜான் கால்டெகாட். சொந்தச் செலவில் கருவிகள் வாங்கிவைத்து வானை நோக்கும் பழக்கம் உடையவர் அவர். ரெசிடெண்டாக இருந்த பிரேசர் இவ்விருவரின் ஆர்வத்தையும் இணைத்து வைக்க, ஹார்ஸ்லி என்னும் பொறியாளரின் வரைபடப்படி, நகரின் நடுவேயுள்ள குன்றின்மேல் 1837இல் வான ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. இன்றும் அக்குன்று ஆப்சர்வேட்டரி குன்று என்றே வழங்குகின்றது. நிலையம் கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது.

கால்டெகாட் ஐரோப்பாவுக்குச் சென்று சிறந்த கருவிகளை வாங்கி வந்தார். 1843ஆம் ஆண்டின் பெரிய வால்மீனை நோக்கி அதன் பாதையைக் கணக்கிட்டார். மண்ணுக்குள் பல ஆழங்களில் உஷ்ணமானிகளைப் புதைத்து, நிலத்தின் வெப்பம் ஆண்டு முழுதும் மாறும் வகையைப் பதிவு செய்தார். மேலும் ஒரு பெரும்பணி அவரை நாடி வந்தது. ஜெர்மனியில் காஸ் என்னும் கணிதப் பேரறிஞர், பூமியின் காந்தத்தை உலகெங்கும் ஒரே நேரத்தில் அளக்கவேண்டும் என்னும் இயக்கத்தைத் தொடங்கி வைத்திருந்தார். அதனைப் பின்பற்றி 1839 முதல் ஆங்கிலேயர் பல நாடுகளில் காந்த நிலையங்களை அமைத்தனர். திருவனந்தபுரத்தில் 1841இல் காந்த ஆய்வு தொடங்கிற்று.

இவ்வூருக்கு அதில் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. காந்த ஊசியை மேலும் கீழும் அசையுமாறு தொங்கவிட்டால், வடநாடுகளில் அதன் வடமுனை தரையை நோக்கிச் சாயும். தென்நாடுகளில் தென்முனை சாயும். இரண்டுக்கும் நடுவே ஊசி எப்பக்கமும் சாயாமல் துலாக்கோல் போலக் கிடைமட்டமாய் நிற்கும் கோடொன்று உலகைச் சுற்றி ஓடுகின்றது. காந்த நடுவரை எனப்படும் அக்கோடு ஓரிடத்தில் நில்லாமல் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பது. எனினும் இந்நூற்றைம்பது ஆண்டுகளாக நம் ஊரின் அண்டையிலேயே இருந்து வருகின்றது. பூமியின் காந்தத்தை ஆராய்வார்க்கு இவ்விடம் இயற்கை கொடுத்த வாய்ப்பாகும். கால்டெகாட் 1849 டிசம்பரில் இவ்வூரிலேயே காலமானார்.

அகத்தியர் மலையில் காந்த ஊசி

1852 ஜனவரியில் ஜான் ஆலன் புரூன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் நிலையத்தின் தலைமையை ஏற்றார். இந்நகரின் அருங்காட்சிச்சாலையும் விலங்குக்காட்சிச்சாலையும் அவர் முயற்சியால் தோன்றியவை. ஆயினும் அவர் உயிராய்க் கருதியது காந்த ஆராய்ச்சியையே. காந்த ஊசி நாள்தோறும் சிறிது கிழக்கும் மேற்கும் ஆடுகின்றது. சில நாட்களில் காரணமின்றி நடுங்குகின்றது. அதனை ஆட்டுவது யாது? பூமியின் அகத்திலுள்ள பொருளா, அன்றி வானிலுள்ள பொருளா? சமவெளியிலும் உயர்ந்த மலையுச்சியிலும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட்டால் ஒரு தெளிவு பிறக்கலாம் என்று எண்ணிய புரூன், தேர்ந்தெடுத்த சிகரம் எது தெரியுமா? நம் முன்னோர் தமிழ்முனிவன் உறைவிடமெனப் போற்றிய பொதியமலைத் தொடரின் அகத்தியர் கூடம்!

ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அச்சிகரத்துக்கு அக்காலத்தில் பாதை இல்லை. அடர்ந்த காடு, யானையும் புலியும் உலவும் வழி, உச்சியிலோ குளிர்காற்றும் ஓயாத மழையும். வழி வெட்டி, மரமும் கருவிகளும் சுமந்து சென்று, 1855இல் அங்கே சிறு ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. சமவெளியில் வாழ்ந்து பழகிய பணியாளர்கள் அக்குளிரில் பட்ட பாடு சிறிதன்று. பின்னர்ப் புரூன் ஐரோப்பா சென்று திரும்பியபோது கூடம் சிதைந்து கிடந்தது. 1863இல் அதனை மீண்டும் கட்டினார். 1865இல் அவர் இந்நாட்டை விட்டு நீங்கிய பின்னரும், இந்நாட்டு உதவியாளர்கள் நகர நிலையத்தில் 1869 வரை அளவைகளைக் குறித்து வந்தனர். அப்பதிவுகள் 1874இல் லண்டனில் பெருநூலாய் வெளிவந்தன.

அந்நூலில் அடங்கியன பெரும்பாலும் எண்கள். இரவென்றும் பகலென்றும் பாராமல் மணிதோறும் ஊசியை நோக்கி, அளவைப் படித்து, பதிவேட்டில் எழுதி, கூட்டிச் சராசரி கண்டவர்கள் இவ்வூர்ப் பணியாளர்களே. பதிவேட்டோடு நாள் கழிக்கும் எம்போன்ற குமாஸ்தாக்களுக்கு அவ்வேலையின் அருமை நன்கு விளங்கும். நள்ளிரவு இரண்டு மணிக்கு உறக்கம் கண்ணை அழுத்தும்போது, முந்திய மணியின் எண்ணையே சற்று மாற்றி எழுதிவிடலாம் என்னும் ஆசை எழாத எழுத்தன் இல்லை. அவ்வாசையை வென்றவர் எழுதிய எண்ணே விஞ்ஞானத்துக்கு அடித்தளம். உண்மை என்னும் மாளிகை நேர்மை என்னும் செங்கல்லால் கட்டப்படுகின்றது. அச்செங்கல்லை அடுக்குவோர் பெரும்பாலும் சிறு சம்பளக்காரர்.

அவ்வெண்களிலிருந்து புரூன் கண்டது யாது? பூமியின் காந்தவிசை நாளுக்கு நாள் மாறும் மாற்றம், உலகெங்கும் ஒருங்கே நிகழ்கின்றது என்பதாம். திருவனந்தபுரத்தில் விசை குறைந்த நாளில், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள ஊர்களிலும் அது குறைந்தது. அம்மாற்றம் ஏறத்தாழ இருபத்தாறு நாட்களுக்கு ஒருமுறை திரும்ப வருவதையும், அதனைச் சூரியன் தன்னைத்தான் சுற்றும் காலத்தோடு இணைத்துப் பார்க்கவேண்டும் என்பதையும் அவர் உணர்த்தினார். லண்டன் ராயல் சங்கம் 1878இல் அவருக்குப் பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்திற்று. அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார்.

இதனால் யாது பயன் என்று வினவுவோர் உண்டு. 1859ஆம் ஆண்டு செப்டம்பர்த் தொடக்கத்தில் சூரியனில் எழுந்த கொந்தளிப்பால் உலகெங்கும் காந்தப்புயல் வீசிற்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. 1989 மார்ச்சில் அத்தகைய புயல் ஒன்றினால் கனடாவின் கியூபெக் மாகாணம் முழுதும் மின்சாரம் இழந்து இருளில் மூழ்கிற்று. ஒரு மலையுச்சியில் மழையில் நனைந்து எழுதிய எண்ணுக்குப் பயன் நூறாண்டு கழித்து வரலாம். பயனை முன்கூட்டியே அறிந்து தேடுவது வாணிகம். அறியாமலே தேடத் துணிவது ஆராய்ச்சி.

அளக்கப்படாதவை

ஆயின் அன்பர்களே, நாணயத்தின் மறுபுறத்தையும் நோக்குதல் நம் கடன். வான ஆராய்ச்சி நிலையம் எழுந்த காலத்தை ஒட்டியே, 1838இல், தென்திருவாங்கூரின் சாமித்தோப்பிலிருந்து அய்யா வைகுண்டர் கைது செய்யப்பட்டு இந்நகருக்குக் கொணரப்பட்டார். தாழ்த்தப்பட்ட மக்கள் தலைநிமிர்ந்து நடக்கவேண்டும், தலைப்பாகை அணிந்து வழிபட வேண்டும் என்று அவர் போதித்தார். பெருங்கூட்டம் அவரைச் சூழ்ந்தது. சிங்காரத்தோப்பில் அவர் சிறை வைக்கப்பட்டு, 1839இல் விடுதலை பெற்றார். இசையையும் வானநூலையும் பேணிய அதே மன்னரின் ஆட்சியில் நிகழ்ந்தது இது. குன்றின்மேல் தொலைநோக்கி வால்மீனைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில், குன்றின்கீழே மனிதனை மனிதன் அணுகக்கூடாத தொலைவு அடிக்கணக்கில் வரையறுக்கப்பட்டிருந்தது.

அகத்தியர் மலையில் கூடம் எழுந்த 1855ஆம் ஆண்டிலேதான் திருவாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அரசாணை பிறந்தது. அதுவரை மனிதர் விற்கப்பட்டனர், அடகு வைக்கப்பட்டனர். உலகெங்கும் தந்திக் கம்பிகள் தீப்பொறி கக்கிய அதே 1859இல்தான், தென்திருவாங்கூர் நாடார் குலப் பெண்டிர் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமையை, நெடுங்காலப் போராட்டத்துக்கும் கலகத்துக்கும் பின்னர், அரசு ஏற்றது. அவ்வுரிமையும் முழுமையாய் வழங்கப்படவில்லை. மேற்குலப் பெண்டிரைப் போல உடுத்தலாகாது என்னும் தடை நீடித்தது. ஆலயக் கதவுகள் எல்லோர்க்கும் திறந்தது 1936இல்.

காந்த ஊசியின் நடுக்கத்தை நுண்ணிதாய் அளந்த நகரத்தில், மனித உள்ளத்தின் நடுக்கத்தை அளக்கக் கருவி இல்லாமற் போயிற்று. இதற்காக விஞ்ஞானத்தைக் குறைகூறல் முறையன்று. விஞ்ஞானம் யாது உளது என்று கூறும். யாது செய்யத்தகும் என்று கூறாது. கிரகணத்தைக் கணித்த கருவி அடிமையை விடுவிக்கவில்லை. அதனைச் செய்தவை மக்களின் போராட்டமும், சில நல்லோரின் மனச்சான்றும், அரசியலின் நெருக்கடியுமே. ஆகவே, விஞ்ஞானம் வளர்ந்தால் சமுதாயம் தானே நேர்மையுறும் என்னும் நம்பிக்கைக்கு நம் ஊர் வரலாறு இடந்தரவில்லை. எனினும் ஒன்று உண்டு. தென்னாட்டு ஊசியும் வடநாட்டு ஊசியும் ஒருங்கே நடுங்குகின்றன என்று கண்ட பின்னர், உலகம் ஒன்றே என்பது வெறும் கவிதையாக இல்லாமல் கணக்காகிவிட்டது. அக்கணக்கைப் படித்தவன், தீண்டத்தகாத தொலைவை அடிக்கணக்கில் அளப்பதற்கு நாணவேண்டும்.

மாதா கோவிலில் ராக்கெட்

புரூன் மறைந்து ஏறத்தாழ எண்பதாண்டுகள் சென்றன. காந்த நடுவரையின் மேலே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் ஒரு மின்னாறு ஓடுகின்றது என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. 1951இல் சாப்மன் என்னும் அறிஞர் அதற்குப் பெயரிட்டார். பலூன் அவ்வுயரத்தை எட்டாது. செயற்கைக் கோளோ அவ்வளவு தாழப் பறந்து நிலைக்காது. ராக்கெட் ஒன்றே அங்குச் சென்று அளந்து வரவல்லது. 1962இல் விக்கிரம் சாராபாயின் தலைமையில் அமைந்த விண்வெளி ஆராய்ச்சிக் குழு, ராக்கெட் தளத்துக்கு இடம் தேடியபோது, காந்த நடுவரையை ஒட்டி நகருக்கு வடக்கேயுள்ள தும்பா என்னும் மீனவர் ஊர் அவர்கள் கண்ணிற் பட்டது. கால்டெகாட்டையும் புரூனையும் ஈர்த்த அதே இயற்கை வாய்ப்புத்தான் சாராபாயையும் ஈர்த்தது.

ஆனால் அங்கே ஓர் ஊர் இருந்தது. மீனவர் குடில்களும், பள்ளித்துறையின் புனித மகதலேனா மரியாள் ஆலயமும், மேற்றிராணியாரின் இல்லமும் இருந்தன. தலைமுறை தலைமுறையாய் ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் கண்ட ஆலயம் அது. மேற்றிராணியார் பீட்டர் பெர்னார்டு பெரைரா சாராபாயை ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு வருமாறு அழைத்து, மக்களிடம் செய்தியை எடுத்துரைத்து, விஞ்ஞானமும் சமயமும் மனித நலத்தையே நாடுவன என்று விளக்கி, அவர்கள் இசைவைக் கேட்டார் என்றும், சபையினர் ஆமென் என்று ஒருங்கே இசைந்தனர் என்றும் அப்துல் கலாம் எழுதியுள்ளார். மக்கள் இடம்பெயர்ந்தனர்; அவர்களுக்கு வேறிடத்தில் குடியிருப்பும் ஆலயமும் அமைந்தன. பழைய ஆலயம் அலுவலகமாயிற்று. மேற்றிராணியார் இல்லம் பட்டறையாயிற்று.

1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை, அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி ராக்கெட் தும்பாவிலிருந்து எழுந்தது. அதன் பகுதிகள் ஆலயக் கட்டடத்திலேயே இணைக்கப்பட்டன. ஏவுமேடையில் ஏற்றும்போது பாரந்தூக்கி பழுதுபட, பலர் கூடித் தோள்கொடுத்துத் தூக்கி நிறுத்தினர். பிரான்சு நாட்டின் சோடியம் ஆவிக்கலம் அதன் தலையில் இருந்தது. தரையில் இருள் சூழ்ந்த பின்னரும் மேல்வானில் கதிரவன் ஒளி எஞ்சியிருக்கும் நேரத்தில் அவ்வாவி சிதறி, செம்பொன் நிற முகிலாய் ஒளிர்ந்தது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மக்கள் வாசலில் நின்று அதனைக் கண்டு வியந்தனர். அம்முகில் நகர்ந்த வகையைப் பல ஊர்களிலிருந்து படமெடுத்து, மேல்வானக் காற்றின் போக்கை விஞ்ஞானிகள் கணித்தனர். இராமேசுவரத்துப் படகுக்காரரின் மகனாகிய கலாம் அன்று இணைப்புப் பணியிலும் பாதுகாப்புப் பணியிலும் ஈடுபட்டிருந்தார். 1968 பிப்ரவரி 2ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி அத்தளத்தை ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்கு அர்ப்பணித்தார். 1971 டிசம்பர் 30இல் கோவளத்தில் சாராபாய் மறைந்தார். அவர் பெயராலேயே விண்வெளி மையம் இன்று வழங்குகின்றது. ஆலயக் கட்டடம் விண்வெளி அருங்காட்சியகமாய் நிற்கின்றது.

சமயமும் விஞ்ஞானமும் பகைவர் என்று பள்ளிக்கூடத்தில் கலிலியோவின் கதையைப் படித்தோம். தும்பாவின் கதை அதற்கு மறுதலையாக நிற்கின்றது. ஆயினும் ஈண்டு நாம் மறக்கலாகாதது ஒன்று. சாராபாயின் பெயரும் கலாமின் பெயரும் மேற்றிராணியாரின் பெயரும் நூல்களில் உள. ஊரைக் கொடுத்த மீனவரின் பெயர்கள் எந்நூலில் உள? கடலை நம்பி வாழ்வான் ஒருவனுக்குக் கரையில் வலை உலர்த்தும் இடமும், படகு ஏற்றும் துறையும், தாயை அடக்கம் செய்த மண்ணும் வெறும் நிலமல்ல. அகத்தியர் மலையில் சுமை தூக்கியவர் பெயர் மறைந்தது போலவே இவர் பெயரும் மறையவிடுதல் முறையாகுமா?

காணிகளின் பச்சிலை

மீண்டும் அகத்தியர் மலைக்கே திரும்புவோம். அம்மலையின் சாரலில் கேரளப் பக்கத்திலும் தமிழ்நாட்டுப் பக்கத்திலும் காணிகள் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தமிழும் மலையாளமும் கலந்தது அவர்கள் பேச்சு. 1987இல் தாவர விஞ்ஞானிகள் குழுவொன்று, காணிகளை வழிகாட்டிகளாய்க் கொண்டு அம்மலையில் ஏறிற்று. விஞ்ஞானிகள் களைத்துச் சோர்ந்தபோது, காணிகள் மட்டும் சிறு கறுப்புநிறக் காய்களைத் தின்றுகொண்டே சோர்வின்றி நடந்தனர். அக்காய்களை உண்ட விஞ்ஞானிகளும் ஊக்கம் பெற்றனர். அது யாதென்று வினவ, குலத்தின் மறைபொருள் என்று தயங்கிப் பின்னரே காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரப்பூங்கா ஆராய்ச்சி நிலையம், புஷ்பாங்கதன் தலைமையில் அதனை ஆராய்ந்து, 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கிற்று. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் நூற்றுக்கு இரண்டு விழுக்காட்டுக்கும் தயாரிப்புரிமை அளிக்கப்பட்டது. அத்தொகையில் பாதி காணிகளுக்கு என்று நிலையம் தீர்மானித்தது. 1997இல் காணிகளின் பெயரால் அறக்கட்டளை பதிவாயிற்று. 1999இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொகை அதனிடம் சேர்ந்தது. மரபறிவு உடையார்க்கு அதன் பயனில் பங்கு உண்டு என்னும் கொள்கையை 1992ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கை ஏட்டில் எழுதியிருந்தது. அதனை நடைமுறையில் செய்து காட்டிய முன்னோடிகளுள் ஒன்று நம் அகத்தியர் மலை. 2002இல் இந்தியா இயற்றிய உயிரினப் பன்மைச் சட்டமும் அக்கொள்கையை ஏற்றது.

எல்லாம் இனிதே முடிந்தது என்று கூறுதற்கில்லை. வனத்தில் அச்செடியைப் பயிரிடும் உரிமை பற்றிக் காணிகளுக்கும் வனத்துறைக்கும் இடையே சிக்கல் எழுந்தது. மறைபொருளை எல்லோர் சார்பிலும் சிலர் வெளியிடலாமா என்னும் மனக்குறை காணிகளுள்ளேயே இருந்தது. பணத்தால் பங்கிடக்கூடியது ஒன்று. கேட்டு இசைவு பெறுதல் மற்றொன்று. முன்னதினும் பின்னது கடினம். எனினும் 1855இல் சுமை தூக்கியவனுக்குக் கூலி மட்டும் கிடைத்தது. 1963இல் ஊர் கொடுத்தவனிடம் இசைவு கேட்கப்பட்டது. 1997இல் வழிகாட்டியவனுக்குப் பங்கு எழுதப்பட்டது. நூற்றைம்பதாண்டுகளில் நாம் ஏறிய படி இவ்வளவே. ஆயினும் அது படியே.

நாம் செய்யத்தக்கது

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விகளுக்கு நம் ஊர் கூறும் விடையைத் தொகுப்போம். கணக்கு மட்டும் அறிவன்று; காரணமும் வேண்டும். காரணம் கண்டாலும் அதனைப் பூட்டி வைத்தல் ஆகாது. மக்கள் மொழியில் வழங்கவேண்டும். கருவி வேண்டும், கருவியினும் மேலாக, யாரும் காணாத நள்ளிரவில் பொய்யெழுதாத கை வேண்டும். இவையனைத்தும் இருந்தாலும் நீதி தானே வாராது. அதற்கெனத் தனியே பாடுபடுதல் வேண்டும். அறிவுக்கு இடமும் உழைப்பும் மரபும் தந்தவரின் பெயரையும் பங்கையும் மறவாமை அந்நீதியின் முதற்கூறாகும்.

இவ்வூரில் வாழும் தமிழர் இவ்வரலாற்றில் அயலார் அல்லர். அகத்தியர் மலை நமக்கும் உரியது. அதன் மறுபுறத்து மலைச்சாரலிலிருந்துதான் தாமிரபரணி நம் நாட்டுக்கு இறங்கி வருகின்றது. தும்பா நிலையத்தில் பணிபுரிந்தோருள் தமிழகத்திலிருந்து வந்தோர் பலர். விஞ்ஞானிகள் மட்டுமல்லர், பொருத்துநர், வண்டியோட்டி, எழுத்தர், சமையற்காரர் எனப் பலர் அங்கே உழைத்து ஓய்வு பெற்றுள்ளனர். நம் சங்க உறுப்பினர் குடும்பங்களிலும் அத்தகையோர் இருத்தல் கூடும். முதியவர்கள் நம்மிடையே உள்ளபோதே அவர்தம் நினைவுகளைக் கேட்டு எழுதி, பள்ளித்துறையிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பத்தாரின் நினைவுகளையும் அவர்கள் இசைவோடு திரட்டி, வரும் ஆண்டுகளின் மலர்களில் வெளியிடச் சங்கம் முன்வருமாயின், அது பெரும்பணியாகும். இளைஞர்களை ஒருநாள் ஆப்சர்வேட்டரி குன்றுக்கும் மறுநாள் தும்பாவின் பழைய ஆலயத்துக்கும் அழைத்துச் சென்று, வானை அளந்த கதையோடு மண்ணில் வாழ்ந்தோரின் கதையையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததே வரலாறு.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!